கவுன்சிலராக இருந்து, பூங்கா, மைதானம் விஷயத்தில் மக்களைக் கேட்டு முடிவெடுத்த அனுபவம் எப்படி இருந்தது?

கேட்டுத்தான் முடிவெடுத்தேன். ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை கேட்டேன். அப்படியும் ஒரு மரம் போச்சு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கொங்குப் பக்கம் ஒரு நகராட்சியில் நான் வார்டு கவுன்சிலர். 2022 பிப்ரவரித் தேர்தலில் ஜெயித்து வந்தேன். அதற்கு முந்தைய மன்றங்களின் காலம் 2016 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. நடுவில் ஐந்து வருஷத்துக்கு மேல் தமிழ்நாட்டு நகரங்களில் கவுன்சிலர் என்று ஒருவரும் கிடையாது, எல்லாம் தனி அலுவலர்கள்தான். அதனால் நான் பதவி ஏற்றதும் குவிந்த மனுக்களில் பாதி பழைய பாக்கி. என் வார்டு பெண்களுக்கு ஒதுக்கியது என்பதால் முதல் ஆறு மாதம் என் வீட்டுக்காரரைத்தான் எல்லோரும் 'கவுன்சிலர்' என்று கூப்பிட்டார்கள். அவர் அரிசிக் கடை வைத்திருக்கிறார். சாக்கடை அடைத்தாலும் அவர் கடை வாசலில் வந்து நிற்பார்கள். மனிதர் நொந்து போய், "ஏங்க, கவுன்சிலர் வீட்ல இருக்காங்க" என்று அட்டையில் எழுதி மாட்டலாமா என்று கேட்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் வார்டில் 42 சென்ட் ரிசர்வ் சைட் ஒன்று இருக்கிறது. ரிசர்வ் சைட் என்றால் தெரியாதவர்களுக்கு: 3,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்து விற்றால், சாலைக்குப் போக மீதி இடத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக விட வேண்டும். 10,000 சதுர மீட்டருக்குள் இருந்தால் இடத்துக்குப் பதில் பணமாகக் கட்டலாம். அதற்கு மேல் போனால் இடமாகவே தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். எங்களுடையது ஏறக்குறைய ஆறு ஏக்கர் லேஅவுட், 90களில் போட்டது. அப்போதிலிருந்து அந்த 42 சென்ட் வெறும் மண் தரைதான்.

வெறும் இடத்தை எல்லோருக்கும் பிடிக்கும். பிள்ளையார் கோயில் கட்டிக்கொள்கிறோம் என்று ஒரு குழு வந்தது. பொது இடத்தில் வழிபாட்டுக் கட்டடம் புதிதாகக் கட்டக் கூடாது என்று 2009-லேயே உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டிருக்கிறது, அதைக் காட்டித் தப்பித்தேன். நகராட்சிக்குள்ளேயே நுண் உர மையத்துக்கு, அதாவது குப்பையை உரமாக்கும் கூடத்துக்கு, அந்த இடம் தோதாக இருக்குமே என்று ஒரு பேச்சு ஓடியது. பெங்களூரில் பூங்காவுக்கு விட்ட இடத்தை மருத்துவமனைக்குக் கொடுத்து, 1991-ல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்று சொன்ன வழக்கு ஒன்று உண்டு. வக்கீலாக இருக்கும் என் தம்பி அதை இரண்டு பக்கம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தான். அந்தப் பேச்சும் அடங்கியது. இவையெல்லாம் சுலபம், சட்டம் நம் பக்கம் இருந்தது. பூங்காவா, மைதானமா என்று வந்தபோதுதான் சட்டத்தில் பதில் கிடைக்கவில்லை.

லேஅவுட்டின் குடியிருப்போர் நலச் சங்கம் 61 கையெழுத்தோடு மனு கொடுத்தது. சுற்றுச் சுவர், நடைபாதை, புல்தரை, கேட், கேட்டுக்குப் பூட்டு. காலை 5 முதல் 9, மாலை 4 முதல் 8, மற்ற நேரம் மூடியிருக்க வேண்டும். மனுவில் எழுதாத காரணம் ஒன்றும் உண்டு, அதை என்னிடம் தனியாகச் சொன்னார்கள். "அந்தப் பக்கத்துப் பசங்க வந்து கத்தறாங்க, பந்து கண்ணாடில படுது." அந்தப் பக்கம் என்றால் லேஅவுட்டுக்குப் பின்னால் உள்ள லைன் வீடுகள். பாதிப் பேர் விசைத்தறி ஓட்டுகிறவர்கள்.

2022 நவம்பர் 1, உள்ளாட்சி தினம். முதல் தடவையாகப் பகுதி சபா கூட்டச் சொல்லி உத்தரவு வந்தது. கிராமத்தில் கிராம சபை எத்தனையோ வருஷமாக நடக்கிறது, நகரத்து ஆட்களுக்கு அப்படி உட்கார்ந்து பேச அதுவரை இடமே இல்லை. எனக்கு ஒரே சந்தோஷம். காலை 11 மணிக்குச் சமுதாயக் கூடத்தில் கூட்டம், டீ, வடை. 47 பேர் வந்தார்கள். ரிசர்வ் சைட் பேச்சு வந்ததும் அத்தனை பேரும் பூங்கா என்றார்கள். ஒருவர்கூட மாற்றிப் பேசவில்லை. தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்தும் வாங்கியாகிவிட்டது. இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

அன்று சாயங்காலம் பால் வாங்கப் போனபோது அந்தச் சைட்டைத் தாண்டித்தான் போனேன். முப்பது பேருக்குக் குறையாமல் விளையாடிக்கொண்டிருந்தார்கள். காலையில் வந்த 47 பேரில் ஒருவர் முகமும் அங்கே இல்லை. அங்கே இருந்தவர்களில் ஒருவரும் காலையில் வரவில்லை. செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்குத் தறியில் நிற்கிறவன் எப்படி வருவான், பள்ளிக்கூடத்தில் இருக்கிற பிள்ளை எப்படி வரும்?

அப்புறம் ஒரு வாரம் நானும் என் மகளும் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்துக்கொண்டு யார் எப்போது வருகிறார்கள் என்று குறித்தோம். எனக்கே தெரியாத ஊர் அதில் தெரிந்தது. காலை ஐந்தரைக்கு ஒன்பது பேர் நடக்கிறார்கள், இரண்டு பேர் செருப்பில்லாமல். ஆறரைக்கு ஸ்கூட்டி பழகும் பெண்கள். ரோட்டில் பழகினால் ஆள் சிரிப்பார்கள் என்று இங்கே வருகிறார்களாம். ஒன்பது மணிக்கு மேல் யாராவது பழைய சேலையை விரித்து மிளகாயோ வடகமோ காயப் போடுவார்கள். மதியம் இரண்டரைக்கு, நான் எதிர்பார்க்கவே இல்லை, பத்துப் பன்னிரண்டு பையன்கள். காலை ஷிப்ட் முடித்துச் சாப்பிட்டுவிட்டு வருகிறவர்கள். சங்கம் கேட்ட பூட்டு தொங்கியிருந்தால் அந்த நேரம் அவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும். நாலரைக்கு மேல் பள்ளிக்கூடப் பிள்ளைகள். பையன்கள் நடுவில், பெண் பிள்ளைகள் சுவரோரம் நின்று வேடிக்கை.

ஒரு எட்டாம் வகுப்புப் பிள்ளையிடம் நீங்களெல்லாம் ஏன் விளையாடுவதில்லை என்று கேட்டேன். "பசங்க முடிக்கறதுக்குள்ள இருட்டாயிருதுங்கக்கா" என்றாள். மொத்தக் கதையிலும் எனக்குப் பிரயோஜனமாகக் கிடைத்த ஒரே வாக்கியம் அதுதான். அதற்குச் செலவும் குறைவு, இரண்டு எல்இடி விளக்கு.

இரண்டாவது கூட்டத்தை ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணிக்கு அந்த மண்ணிலேயே போட்டேன். நாற்காலி இல்லை, மைக் இல்லை. நடைமுறைப்படி இது கூட்டமே இல்லை என்று ஒரு அலுவலர் சொன்னார், வாஸ்தவம்தான். சங்கத்துக்காரர்கள் ஒரு பக்கம், பையன்கள் ஒரு பக்கம். ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஒருவர், நல்ல மனிதர், "இது எங்க லேஅவுட்டுக்கு விட்ட எடம்" என்று ஆரம்பித்தார். பையன்களில் ஒருவன், டூவீலர் மெக்கானிக், "சார், நீங்க எனக்கு ஆறாங்கிளாஸ் எடுத்தீங்க, அப்ப 'போய் வெளயாடுங்கடா'ன்னு நீங்கதான தொரத்துவீங்க" என்றான். சார் சிரித்துவிட்டார். அவர் சிரிக்காமல் போயிருந்தால் அன்றைக்கு வேறு மாதிரி முடிந்திருக்கும். கூட்டத்தை நான் நடத்தினேன் என்று சொல்லிக்கொள்ள முடியாது.

அடுத்து வந்தது காசுப் பிரச்சினை. நமக்கு நாமே திட்டத்தில் பணிக்கான தொகையில் மூன்றில் ஒரு பங்கு மக்கள் பங்களிப்பாக வர வேண்டும். கேட்க நன்றாக இருக்கும். நடைமுறையில், காசு திரட்ட முடிகிற தெருவுக்குத்தான் அரசு காசும் வந்து சேரும். எங்கள் மதிப்பீடு 12 லட்சம், மக்கள் பங்கு 4 லட்சம். சங்கம் மொத்தமும் தருகிறோம் என்றது. தந்தால் பூட்டும் அவர்களுடையது ஆகிவிடும் என்று எனக்குப் பயம். இரண்டரை லட்சம் போதும் என்றேன். காசு வேண்டாம் என்று சொல்கிற கவுன்சிலரை அவர்கள் அதற்கு முன் பார்த்ததில்லை, நம்பவே இல்லை. மீதியை ஒரு மில் முதலாளி கொடுத்தார், பெயர்ப் பலகை வைக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. நம் ஊரில் கோயில் ட்யூப்லைட்டிலேயே வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு 'உபயம்' எழுதுவார்கள், ஒரு பலகை பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டேன். தறிப் பையன்கள் 37 பேர் ஆளுக்கு 200 போட்டு 7,400 ரூபாயை ஒரு மஞ்சப்பையில் கொண்டுவந்து கொடுத்தார்கள். எல்லாம் பத்து, இருபது ரூபாய் நோட்டு. என் மகள்தான் எண்ணினாள்.

கட்டணம் வைக்கலாமே என்று இதைப் படிக்கிற சிலர் நினைக்கலாம். 2024 அக்டோபரில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒன்பது செயற்கைப் புல் கால்பந்துத் திடல்களைத் தனியாரிடம் விட்டு, ஒருவருக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்கலாம் என்று தீர்மானம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பியதும் அது திரும்பப் பெறப்பட்டது. நான் அந்தத் தீர்மானத்தை வெறுமனே திட்ட மாட்டேன். பராமரிப்புக்குக் காசு இல்லாத கஷ்டம் எனக்கும் தெரியும். கட்டுவதற்கு எத்தனையோ திட்டம் இருக்கிறது. கட்டி முடித்த பிறகு ஊஞ்சல் சங்கிலியின் கொக்கி தேய்ந்தால், அதை மாற்ற நகராட்சிப் பொது நிதியில்தான் கை வைக்க வேண்டும். அந்த நிதியில் குடிநீர் மோட்டார் முன்னால் நிற்கும், துப்புரவுச் சம்பளம் முன்னால் நிற்கும், ஊஞ்சல் கடைசியில். எங்கள் ஊஞ்சல் கொக்கியை இதுவரை மூன்று தடவை அந்த மெக்கானிக் பையன்தான் மாற்றியிருக்கிறான். ஆனாலும் மணிக்கு 120 ரூபாய் என்றால் 200 ரூபாய் போட்டுக் கட்டிய பையன் இரண்டு மணி நேரம்கூட அங்கே நிற்க முடியாது.

கடைசியில் என்ன வந்தது? ஓரமாகச் சுற்றிலும் நடைபாதை, நடுவில் மண் தரை அப்படியே. கண்ணாடி உடைகிற பக்கம் 15 அடிக்கு வலை. டென்னிஸ் பந்து மட்டும், கார்க் பால் கிடையாது. பூட்டு இல்லை. விளக்கு ஒன்பது மணிக்கு அணையும். ஆறரைக்கு மேல் நடுத் தரை பெண் பிள்ளைகளுக்கு என்று பையன்களே ஒத்துக்கொண்டார்கள், முக்கால்வாசி நாள் அப்படித்தான் நடக்கிறது. யாரும் கேட்காமலேயே நான்கு உடற்பயிற்சிக் கருவிகளும் வந்து இறங்கின. மதிப்பீட்டுப் படிவத்தில் அது முன்பே இருந்ததாம். அதில் ஒன்றைச் சரியாகக் கிரிக்கெட்டில் லாங் ஆன் ஆள், அதாவது எல்லையோரம் பந்து பிடிக்கிறவன், நிற்கிற இடத்தில் நட்டுவிட்டார்கள். இப்போது அதில் பந்து பட்டால் இரண்டு ரன்.

மரத்துக்கு வருகிறேன். மேற்கு மூலையில் ஒரு வேப்பமரம் நின்றது. நடைபாதை அந்த மூலையில் திரும்ப வேண்டும். வரைபடத்தை என்னிடம் காட்டினார்கள், நான் பார்த்துத் தலையாட்டினேன். வரைபடத்தில் மரமே இல்லை, அது இல்லாததை நான் கவனிக்கவும் இல்லை. தினமும் பால் வாங்கப் போகும்போது பார்க்கிற மரம். ஒரு வியாழக்கிழமை நான் மன்றக் கூட்டத்தில் இருந்தேன், திரும்பி வந்து பார்த்தபோது அடிக்கட்டைதான் இருந்தது. நடைபாதையை நான்கு அடி வளைத்திருந்தால் தப்பித்திருக்கும். ஒப்பந்ததாரரைத் திட்டினேன். அவர் வரைபடத்தை எடுத்து நீட்டினார், கீழே என் கையெழுத்து.

அந்த மரத்தடியில் மத்தியானம் மூன்று கிழவிகள் உட்கார்ந்திருப்பார்கள். எங்கள் நோட்டிலும் எழுதியிருந்தோம், '12 முதல் 3 வரை, ஆத்தா மூணு பேர், வெத்தலை'. ஆனால் அவர்கள் சமுதாயக் கூடத்துக்கும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கும் வரவில்லை, நானும் போய்க் கேட்கவில்லை. அவர்கள் எதையும் விளையாடவில்லை, நடக்கவும் இல்லை. உட்கார்ந்திருந்தார்கள், அவ்வளவுதான். அதனால் அவர்களைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவே இல்லை.

2024 ஆடியில் அதே மூலையில் ஒரு புங்கன் கன்று வைத்தேன். ஆடு தின்றுவிட்டது. இன்னொன்று வைத்து முள் கட்டினேன், அது பிழைத்து இப்போது இடுப்பளவு நிற்கிறது. போன வாரம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது அந்த மூன்று பேரில் ஒரு ஆத்தா வந்து உடற்பயிற்சி சைக்கிள் சீட்டில் உட்கார்ந்தார். அதில் இப்போதெல்லாம் அவர் துண்டைக் காயப் போடுகிறார்.

"இது எப்பக் கண்ணு நெழல் குடுக்கும்?"

"நாலஞ்சு வருசம் ஆகுங்காத்தா."

கொஞ்ச நேரம் கன்றையே பார்த்தார். "அதுக்குள்ள உம்பட பதவி முடிஞ்சிருமே சாமி" என்றார்.