112 கடைகளும் திரும்பி வரும் பாக்கெட்டுகளும்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் நானும் என் மச்சானும் இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கிறோம். போன வருடம் உட்கார்ந்து ஒரு திட்டம் போட்டோம். 40 கடைகளுக்குக் கொடுத்து வந்ததை ஒரே வருடத்தில் 120 ஆக்குவது. புது கிரைண்டர், ஒரு வண்டி, லைனுக்கு இரண்டு பையன்கள் என்று கடன் வாங்கிச் செய்தோம். இப்போது 112 கடைகளில் எங்கள் மாவு இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் கையில் நிற்பது பழைய பணம்தான், சில மாதம் அதுவும் இல்லை. திட்டமே தப்பு என்கிறார் மச்சான். திட்டம் சரி, செய்த விதத்தில்தான் கோளாறு என்று எனக்குப் படுகிறது. இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

ச., திருப்பூர்

அன்புள்ள ச.,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். 112 கடை என்று எழுதியிருக்கிறீர்கள், எத்தனை பாக்கெட் திரும்பி வருகிறது என்று எழுதவில்லை. மாவு நாலு நாளில் புளித்துப்போகிற சரக்கு. கடையில் வைத்தது கணக்கில் சேராது, வீட்டுக்குப் போய் இட்லியானதுதான் சேரும். நீங்கள் ஒரு வருடமாக எண்ணிக்கொண்டிருந்தது உங்கள் உழைப்பை. அதன் பலனை இன்னும் எண்ணவில்லை.

இதைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைதான் நினைவுக்கு வரும். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியில் ஓய்வுபெற்ற பிறகு, 1976இல், 11 படுக்கைகளோடு தொடங்கியது. கிராமங்களில் முகாம் போட்டுக் கண்புரை உள்ளவர்களைக் கண்டுபிடித்து, ஆபரேஷன் இலவசம், வாருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஜனங்களுக்கு விழிப்புணர்வு இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். அவர்கள் ஏன் வரவில்லை என்று கேட்டார்கள். பஸ்ஸுக்குக் காசில்லை, சாப்பாட்டுக்கு வழியில்லை, கூட வருகிறவருக்குக் கூலி போகும், தனியாகப் போகப் பயம். அப்புறம் முகாமிலிருந்தே வண்டியில் அழைத்துப் போய், சாப்பாடு போட்டு, ஆபரேஷன் முடித்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டார்கள். நோக்கம் மாறவில்லை, செய்யும் விதம் மாறியது. கூட்டம் வந்தது.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தோன்றுவது பின்னால் நடந்தது. முகாம்கள் நிரம்பி வழிந்த காலத்தில், 1999இல் ஓர் ஆய்வு வெளியானது. முகாமுக்கு வந்தவர்களை விட்டுவிட்டு, முகாம் நடந்த ஊர்களில் கண் கோளாறு உள்ளவர்களைத் தேடிப்போய்ப் பார்த்த ஆய்வு. அவர்களில் முகாமுக்கு வந்திருந்தவர்கள் சுமார் 7 சதவீதம்தான். இத்தனை வருட வெற்றிக்குப் பிறகு அப்படி ஓர் எண்ணைக் கையில் வாங்கிப் பார்க்கப் பெரிய மனசு வேண்டும். இந்த முறை கோளாறு செய்த விதத்தில் இல்லை. எப்போதாவது ஒரு நாள் நடக்கிற முகாமால் அவ்வளவுதான் முடியும். அதனால் ஊர்ப்பக்கத்திலேயே தினமும் திறந்திருக்கும் சிறு கண் மையங்களை வைத்தார்கள். பயிற்சி பெற்ற பணியாளர் அங்கே பரிசோதிப்பார், மருத்துவமனையில் இருக்கும் டாக்டர் திரையில் நோயாளியிடம் பேசுவார்.

ஆக உங்கள் மச்சான் சொல்வதும் நடக்கும், நீங்கள் சொல்வதும் நடக்கும். எது என்று பார்க்க உங்களிடமே வழி இருக்கிறது. பழைய 40 கடைகளைத் தனியாகவும் புது 72 கடைகளைத் தனியாகவும் எழுதுங்கள். ஒவ்வொரு கடைக்கும் போட்டது எத்தனை, ரிட்டர்ன் எத்தனை, இரண்டு வாரத்துக்கு. பழைய கடைகளிலேயே விற்பனை சரிந்திருந்தால் வண்டி தாமதமாகப் போகிறது, அல்லது மாவின் பக்குவம் மாறிவிட்டது. அது செய்த விதத்தின் கோளாறு, சரிசெய்யலாம். பழைய கடைகள் நன்றாக ஓடி, நேரத்துக்கு நல்ல மாவு போயும் புதுக் கடைகளில் தேங்கினால், அந்தத் தெருக்களுக்கு உங்கள் மாவு தேவைப்படவில்லை. உங்கள் ஊரில் பனியன் கம்பெனிகளுக்கு வந்த வடமாநிலத்துப் பிள்ளைகள் லைன் வீடு எடுத்துத் தங்கும் தெருக்கள் எத்தனையோ. அவர்கள் ராத்திரி சப்பாத்திக்குக் கோதுமை மாவு வாங்குவார்கள். அங்கே உங்கள் பையன் எவ்வளவு ஓடினாலும் பலன் இருக்காது.

பையன்களுக்குப் புதுக் கடை பிடித்தால் இவ்வளவு என்று தனியாகப் பணம் கொடுத்தீர்களா? கொடுத்திருந்தால் அவர்களைக் குறை சொல்லாதீர்கள். நீங்கள் கேட்டதைத்தான் கொண்டுவந்திருக்கிறார்கள். இனி ரிட்டர்ன் குறைந்தால் பணம் என்று மாற்றுங்கள்.

நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் வருடத்துக்கு ஒரு முறைதான் திட்டத்தைத் திரும்பப் பார்ப்போம். தப்பு தெரியவரும்போது அதற்கான பணம் முழுவதும் செலவாகியிருக்கும். உங்கள் சரக்கு நாலு நாள் சரக்கு, வாரா வாரம் பாருங்கள். எந்தக் கடையில் எத்தனை வாரம் பார்த்துவிட்டு நிறுத்துவது என்பதை மச்சானும் நீங்களும் இப்போதே பேசி எழுதி வையுங்கள். ரிட்டர்ன் கையில் வந்த பிறகு பேசினால் சண்டைதான் வரும்.

அப்புறம், அதிகம் திரும்பி வருகிற பத்துக் கடைகளுக்கு நீங்களே சாயங்காலம் ஆறு மணிக்குப் போய் அரை மணி நேரம் நில்லுங்கள். மாவு வாங்காமல் போகிறவர்கள் வேறு என்ன வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அண்ணாச்சியிடமும் கேளுங்கள். இரண்டு வாரக் கணக்கு கைக்கு வந்ததும் எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே பார்ப்போம்.