தங்கை குறுக்கே பேசட்டும்

கேள்வி: தலவாக்கலைக்கு அருகே ஒரு தோட்டத்தில் வசிக்கும் உயர்தர மாணவன் நான், பாடசாலைச் சதுரங்க அணியில் இருக்கிறேன். கிராண்ட்மாஸ்டர்களின் போட்டி ஆட்டங்களைக் கைத்தொலைபேசியில் இறக்கி, கறுப்புக் காய்களுக்கான சிசிலியன் நஜ்டோர்ஃப் என்ற தொடக்க நகர்வு வரிசையைப் பதினைந்து நகர்வுவரை மனப்பாடம் செய்திருக்கிறேன். மாலையில் தங்கை அடுப்பைப் பார்த்தபடியே நகர்வுகளை வாசிப்பாள். நான் காய்களை வைப்பேன். அவளுக்கு விளையாட்டுத் தெரியாது என்பதால் குறுக்கே பேசமாட்டாள். வலயப் போட்டியில் எதிராளி இரண்டாவது நகர்விலேயே ராணிப் பக்கத்து பிஷப்பின் முன்னிருந்த சிப்பாயை ஒரு கட்டம் தள்ளினார், தடுமாறித் தோற்றேன். இன்னும் எத்தனை ஆட்டங்கள் படிக்க வேண்டும்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது தோல்வியல்ல, "குறுக்கே பேசமாட்டாள்" என்று அதை ஒரு வசதியைப் போல எழுதியிருக்கிறீர்களே, அந்த வரிதான். ஒரு கையில் அகப்பையும் மறு கையில் தொலைபேசியுமாக ஒரு பிள்ளை உங்களுக்காக வாசிக்கிறாள். குதிரை எப்படிப் போகும் என்றுகூட அவளுக்குச் சொல்லிக்கொடுக்க உங்களுக்குத் தோன்றவில்லை. அடுப்பு தங்கைக்கு, பலகை அண்ணனுக்கு என்று யார் பிரித்துக் கொடுத்தார்கள்? மூத்த பிள்ளைக்குக் கிடைத்தது இளைய பிள்ளைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

நீங்கள் தோற்றதற்கும் அவளுடைய அந்த மௌனம்தான் காரணம். விளையாட்டுத் தெரிந்திருந்தால், நஜ்டோர்ஃபின் ஐந்தாவது நகர்வில், "மற்றக் காய்களை வெளியே எடுக்காமல் இந்த ஓரத்துச் சிப்பாயை எதற்கு அண்ணா நகர்த்துகிறார்கள்?" என்று கேட்டிருப்பாள். அது காவல் காக்கும் கட்டத்தில் வெள்ளையின் குதிரையோ பிஷப்போ வந்து உட்காராமலிருக்க என்று பதில் சொல்ல, முதலில் நீங்கள் யோசித்திருப்பீர்கள். அப்படி யோசித்துப் பழகியவருக்கு அன்றைய இரண்டாவது நகர்வு புதிராக இருந்திருக்காது. நடுவில் இரண்டு சிப்பாய்களைச் சேர்த்து நிறுத்துவதற்கான ஆயத்தம் அது. ஆனால் வெள்ளை தன் ராணிப் பக்கத்துக் குதிரை வர வேண்டிய கட்டத்தைத் தானே அடைத்துக்கொள்கிறது. ஆகவே நீங்கள் ராணியின் முன்னுள்ள சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி, வெள்ளை அதை வெட்டினால் ராணியால் திருப்பி வெட்டலாம். நடுவில் நிற்கும் ராணியை விரட்ட அந்தக் குதிரையால் உடனே வர முடியாது.

1918இல் நியூயோர்க்கில் மார்ஷல் என்ற ஆட்டக்காரர், ரூய் லோப்பஸ் என்ற தொடக்கத்தின் எட்டாவது நகர்வில் ஒரு சிப்பாயைப் பலிகொடுத்து, எதிராளியான கபாபிளாங்கா எதிர்பார்த்திராத தாக்குதலைத் தொடுத்தார். கபாபிளாங்கா அந்தச் சிப்பாயை எடுத்துக்கொண்டு, பலகையிலேயே யோசித்துத் தாக்குதலைத் தாங்கி, 36 நகர்வுகளில் வென்றார். அந்த ஆட்டத்தைத் தேடி எடுங்கள். இந்த மாதத்துக்கு அது ஒன்றே போதும்.

இரவுச் சாப்பாடு முடிந்து, நீங்கள் பாத்திரம் கழுவிய பிறகு, இருவருமாகப் பலகையின் முன் உட்காருங்கள். அடுத்த நகர்வை மறைத்துவிட்டு ஊகியுங்கள். அவள் காரணம் கேட்கட்டும். எந்த நகர்வுக்கு உங்களால் காரணம் சொல்ல முடியவில்லையோ, அதைத் தாண்டி மனப்பாடம் செய்யாதீர்கள். வலயப் போட்டியில் தோற்ற ஆட்டத்தின் தாளையும் எடுத்து இப்படியே பாருங்கள்.

அவளுடைய பாடசாலையில் பெண்கள் அணி இருக்கிறதா என்று இந்த வாரமே விசாரியுங்கள். இல்லையென்றால், அம்மாவுக்கு ஓய்வுள்ள நாளில் அவரையும் அழைத்துக்கொண்டு போய்ப் பொறுப்பாசிரியரிடம் கேளுங்கள்.