சிறிய விமான நிறுவனம் சுருங்கினால் பைலட்டுகளுக்கு ஏன் அவ்வளவு பாதிப்பு?

பிராந்திய விமான நிறுவனம் என்றால் சிறு ஊர்களைப் பெருநகரங்களோடு இணைப்பது. பெங்களூரிலிருந்து சேலம், ஹூப்ளி போகும் 70 இருக்கை ஏடிஆர் விமானங்களை நினைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவனம் வளர்ந்தால் கோ-பைலட் சீக்கிரம் கேப்டன் ஆவார். சுருங்கினால்தான் சிக்கல். பைலட் உரிமம் இருந்தால் மட்டும் போதாது. ஒவ்வொரு வகை விமானத்துக்கும் ‘டைப் ரேட்டிங்’ என்ற தனி அனுமதி வேண்டும். ஏடிஆர் ஓட்டியவர் ஏர்பஸ் 320-க்கு மாற, சிமுலேட்டரில் மறுபடி பயிற்சி எடுக்க வேண்டும். பல லட்சம் செலவு, பெரும்பாலும் கைக்காசு.

அதைவிட வலிப்பது சீனியாரிட்டி, அதாவது பணி மூப்பு வரிசை. வேறு நிறுவனத்தில் சேர்ந்தால் அதன் கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். பெங்களூர் மெஜஸ்டிக் பஸ் நிலையத்தில் வரிசையில் நின்று கவுன்ட்டரை நெருங்கும்போது ஷட்டரை இறக்கி, பக்கத்து வரிசையின் கடைசிக்குப் போகச் சொன்னால் எப்படி இருக்கும்? கேப்டனாகத் தோளில் நான்கு பட்டை போட்டவர் மறுபடி வலது இருக்கையில் கோ-பைலட்டாக உட்கார நேரும். பெங்களூரின் கிங்ஃபிஷர் விமான நிறுவனம் 2012 அக்டோபரில் நின்றபோது, சம்பள பாக்கியோடு பலர் வேலை தேடி அலைந்தார்கள்.

பெங்களூர் அல்சூரில் பைலட் படிப்பு பற்றிக் கேட்கும் பிள்ளைகளுக்கு இதைத்தான் முதலில் சொல்வேன்: ‘பைலட் பற்றாக்குறை’ என்று செய்தியில் வருவது பெரும்பாலும் அனுபவமுள்ள கேப்டன்களுக்குத்தான். 200 மணி நேரம் பறந்து புதிதாக உரிமம் வாங்கியவருக்கு வேலை காத்திருக்கிறது என்று அர்த்தமில்லை.