ஒன்றரைக் கிலோதானே என்கிறீர்களா?

கேள்வி: 2005 மே மாதம் நடந்த கொரேலஸ் – காஸ்டியோ குத்துச்சண்டையின் பத்தாவது சுற்றை யூடியூபில் பார்த்தேன். இரண்டு முறை விழுந்த கொரேலஸ் எழுந்து வந்து அதே சுற்றில் எதிரியை முடித்துவிட்டார். அப்பேர்ப்பட்டவர் ஐந்தே மாதத்தில் அதே காஸ்டியோவிடம் நான்காவது சுற்றில் சுருண்டாரே, மன உறுதி போய்விட்டதா? காஸ்டியோ எடை கூடுதலாக வந்தார் என்று கொரேலஸ் ரசிகர்கள் இன்னும் புலம்புகிறார்கள். ஒன்றரைக் கிலோ ஒரு பெரிய விஷயமா? — வாசகர், திருச்சி

பதில்: பெரிய விஷயம்தான். புலம்பல் என்று தள்ளிவிடாதீர்கள்.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். இவர்கள் மோதிய எடைப் பிரிவு லைட்வெயிட்; அதன் வரம்பு 135 பவுண்டு, அதாவது 61.2 கிலோ. 2005 அக்டோபர் மறுசண்டைக்கு முந்தைய நாள் கொரேலஸ் அந்த எடைக்கு வந்து நின்றார். காஸ்டியோ 138.5 பவுண்டு இருந்தார், அதாவது சுமார் ஒன்றரைக் கிலோ கூடுதல். அவர் அணியைச் சேர்ந்த ஒருவர் தராசுக்கு அடியில் காலை நுழைத்து முட்டுக்கொடுக்கப் பார்த்துப் பிடிபட்டார். ஒன்றுமில்லாத விஷயத்துக்கு யாரும் அப்படிக் காலை நுழைக்க மாட்டார்கள்.

அந்த ஒன்றரைக் கிலோ எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால்தான் அதன் கனம் புரியும். பெரும்பாலான லைட்வெயிட் வீரர்கள் 61 கிலோவில் வாழ்வதில்லை. பயிற்சி முகாமுக்கு வரும்போது பலர் 67, 68 கிலோ இருப்பார்கள். எட்டு வாரத்தில் வாரம் அரைக் கிலோ வீதம் கொழுப்பு கரையும். இதில் ஆபத்து அதிகமில்லை. கடைசி வாரத்தில் மாவுச்சத்தையும் உப்பையும் குறைப்பார்கள். மாவுச்சத்து தசையில் கிளைகோஜனாகச் சேர்ந்திருக்கும்; அதன் ஒவ்வொரு கிராமும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அது காலியாகும்போது ஒன்றரை, இரண்டு கிலோ இறங்கும். கடைசி இரண்டு நாளில்தான் வதை ஆரம்பிக்கிறது. தண்ணீரை நிறுத்திவிட்டு, வெந்நீர்த் தொட்டியில் உட்கார்ந்து, பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஓடி, சூயிங்கம் மென்று எச்சிலைத் துப்பித் துப்பி எடையை இறக்குவார்கள். இந்தக் கட்டத்தில் போவது கொழுப்பு இல்லை, ரத்தத்தில் இருப்பது உட்பட உடம்பின் தண்ணீர். ரத்தம் குறையக் குறைய இதயம் வேகமாக அடிக்கும், எழுந்து நின்றால் தலை சுற்றும். ஒரு கட்டத்துக்கு மேல் வியர்வையும் வராது. உடம்பு தர மறுக்கும் அந்தக் கடைசி ஒன்றரைக் கிலோவை ஒருவர் பிழிந்து எடுத்தார். இன்னொருவர் எடுக்காமலே மறுநாள் மேடையேறினார்.

‘அதான் ஒரு நாள் இருக்கிறதே, குடித்து நிரப்பிக்கொள்ளலாமே’ என்று கேட்பீர்கள். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் சுமார் ஒன்றரை லிட்டர் உள்ளே போக வேண்டும் என்பது விளையாட்டு மருத்துவக் கணக்கு. நான்கு கிலோ போயிருந்தால் ஆறு லிட்டர். வெறும் தண்ணீராக மடமடவென்று குடித்தால் வயிறு உப்பும், பாதி சிறுநீராகப் போகும். உப்பும் சர்க்கரையும் கலந்து, வாய் வாயாக, மணிக்கணக்கில் குடிக்க வேண்டும். ஊக்கமருந்துத் தடுப்பு விதிக்கு உட்பட்ட வீரர்களுக்கு நரம்பு வழியாக 12 மணி நேரத்தில் 100 மில்லிக்கு மேல் ஏற்றுவதும் இன்று தடை. தராசைப் பார்த்தால் போன எடை மறுநாளே திரும்பியிருக்கும். ஆனால் தசைக்குள் கிளைகோஜன் முழுதாகச் சேர ஒரு நாள் போதாமல் போகலாம். உடம்பின் நீரும் முழுதாக ஈடாகாமல் இருக்கலாம். அப்படி வறண்ட உடம்போடு தலையில் அடி வாங்குவதைத்தான் டாக்டர்கள் மிகவும் அஞ்சுகிறார்கள். மேடையில் இது முதல் சுற்றிலேயே தெரியாது. மூன்றாவது, நான்காவது சுற்றில் கால் இழுக்கும்; ஜாப் எனும் நேர்க்குத்து விட்ட கை முகத்தைக் காக்கத் திரும்பாமல் தாழ்ந்து வரும். அந்தத் திறப்பில் ஒரு லெஃப்ட் ஹுக், அதாவது இடக்கையை வளைத்து விடும் குத்து, விழுந்தால் போதும். காஸ்டியோவின் ஆயுதமே லெஃப்ட் ஹுக்தான்.

மன உறுதிக்கு வருவோம். நீங்கள் பார்த்த பத்தாவது சுற்றை இன்னொரு முறை ஓடவிட்டு, பல்லைக் காக்க வாயில் மாட்டும் மவுத்பீஸை மட்டும் கவனியுங்கள். விழுந்தபோது கொரேலஸ் அதைத் துப்பினார். கழுவி மாட்ட நேரம் கிடைத்தது. மறுபடி விழுந்தார், மறுபடி மவுத்பீஸ் வெளியே. நடுவர் டோனி வீக்ஸ் ஒரு புள்ளியைப் பறித்தார். பயிற்சியாளர் ஜோ கூசன் அதை வாயில் மாட்டி அனுப்புவதற்குள் கிடைத்த சில விநாடிகளில் கொரேலஸுக்குத் தலை தெளிந்தது. அப்புறம்தான் அந்த வலது கைக் குத்து. காஸ்டியோ கயிற்றில் சாய்ந்து கை தொங்கி நின்றபோது, சுற்றின் 2 நிமிடம் 6 விநாடியில் வீக்ஸ் சண்டையை நிறுத்தினார். நிகரில்லாத துணிச்சல் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் பத்து சுற்று நெற்றியோடு நெற்றி முட்டி அடி வாங்கிய ஒரு தலைக்கு ஐந்து மாத ஓய்வு போதவே போதாது. அந்த மறுசண்டைக்கு அத்தனை சீக்கிரம் தேதி குறித்தவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

இதை நல்லவன் – கெட்டவன் கதையாகவும் ஆக்கிவிடாதீர்கள். தொழில்முறையில் 40 வெற்றி, 5 தோல்வி கண்ட கொரேலஸின் வாழ்க்கை முழுக்கவே எடையோடு நடந்த மல்லுக்கட்டு. ஆறடிக்கு ஓரிரு அங்குலமே குறைந்த உயரத்தை வைத்துக்கொண்டு 130 பவுண்டில் ஆடினார். அந்த எடையில்தான் 2001 ஜனவரியில் மேவெதரிடம் ஐந்து முறை விழுந்தார். பிறகு, கர்ப்பிணி மனைவியைத் தாக்கிய வழக்கில் 14 மாதம் சிறை. வீரம் பேசும்போது இதையும் மறைக்கக் கூடாது. திரும்பி வந்து, லைட்வெயிட்டுக்கு ஏறி, 2004-ல் ஃப்ரெய்ட்டாஸைத் தோற்கடித்துப் பட்டம் வாங்கினார். 2006 அக்டோபரில் காசமயோரோடு ஆட வந்தபோது அவராலேயே 135-க்கு இறங்க முடியவில்லை. பட்டம் தராசிலேயே போய்விட்டது, சண்டையும் போனது. அடுத்து இரண்டு பிரிவு தாண்டி 147 பவுண்டில் கிளாட்டியிடம் தோற்றார். ஒரு மாதத்தில், 2007 மே 7 அன்று, லாஸ் வேகஸில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்தபோது வயது 29.

எடை விதிமுறைகள் என்ன செய்கின்றன என்பீர்கள். ஒரு காலத்தில் சண்டை நாள் காலையில்தான் எடை பார்த்தார்கள். வறண்ட உடம்போடு மேடையேறுவது ஆபத்து என்று 1980-களில் அதை முந்தைய நாளுக்கு மாற்றினார்கள். நிரப்ப ஒரு நாள் கிடைத்ததும், வீரர்கள் இன்னும் அதிகமாக வற்றவிடத் தொடங்கினார்கள். இதற்குத் தடை போடத்தான், உலகப் பட்டம் வழங்கும் அமைப்புகளில் ஒன்றான ஐபிஎஃப், தன் பட்டச் சண்டைகளில் மறுநாள் காலை இன்னொரு தடவை எடை பார்த்து, வரம்புக்கு மேல் 10 பவுண்டு தாண்டக் கூடாது என்று விதி வைத்தது. இன்னொரு அமைப்பான டபிள்யூபிசி, சண்டைக்கு 30 நாள் முன்பு வரம்புக்கு மேல் 10 சதவீதத்துக்குள்ளும் 7 நாள் முன்பு 5 சதவீதத்துக்குள்ளும் இருக்கச் சொல்கிறது. எல்லா அமைப்பும் இரண்டையும் சேர்த்துக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் கருத்து. எட்டு வாரத்துக்கு முன் 67 கிலோவுக்கு மேல் இருப்பவரை அடுத்த பிரிவுக்கு அனுப்புவதே பயிற்சியாளரின் வேலை.

எதிராளி கூடுதல் எடையில் வந்தால் பணத்தில் ஒரு பங்கை வாங்கிக்கொண்டு ஆடிவிடுவது தொழில் வழக்கம். ஒரு பவுண்டுக்குள் என்றால் யோசிக்கலாம். மூன்றரை பவுண்டு என்றால் பையை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும். 2006 ஜூனில் மூன்றாவது சண்டைக்கு காஸ்டியோ 139.5 பவுண்டில் வந்து நின்றபோது கொரேலஸ் அதைத்தான் செய்தார். சண்டை ரத்தானது, அந்த மாநிலத்தில் குத்துச்சண்டையைக் கண்காணிக்கும் நெவாடா ஆணையம் காஸ்டியோவுக்கு 2,50,000 டாலர் அபராதம் போட்டது. முந்தைய அக்டோபரிலேயே அந்த முடிவை எடுக்கச் சொல்லும் ஆள் கொரேலஸின் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.