நினைவில்லை என்றால் உணர்வில்லையா? மயக்க மருந்து மருத்துவரிடம் கேளுங்கள்

பினாங்கில் முப்பது ஆண்டுகள் அறுவை அறையில் வேலை பார்த்தவன் நான். உணர்வு, விழிப்பு பற்றி வந்த கேள்விகளில் எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் தருகிறேன்.

பிறை வாசகர்: தூக்கத்துக்கும் மயக்க மருந்துக்கும் என்ன வித்தியாசம் டாக்டர்?

நிறைய. தூங்குபவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்துவிடுவார். புரோபோஃபால் என்ற மயக்க ஊசி போட்டவரைக் கத்தியால் கீறினாலும் எழமாட்டார். மருந்து பால் போல வெள்ளையாக இருக்கும். கைநரம்பில் ஏறி ஒரு நிமிடத்துக்குள் பேச்சு நின்றுவிடும். பிறகு இமைமயிரை விரலால் மெல்லத் தடவிப் பார்ப்போம், இமை துடிக்காது. காலையில் எழுந்தவருக்கு இரவு கழிந்தது தெரியும். என் நோயாளிகளோ தையல் போட்டு முடித்த பிறகு கண் விழித்து, "எப்ப டாக்டர் ஆரம்பிப்பீங்க?" என்று கேட்பார்கள்.

கிள்ளான் வாசகி: உணர்வு என்பது ஆன்மாதானே?

அம்மா, நனவு, கனவு, உறக்கம், பேருறக்கம், உயிர்ப்படக்கம் என்று சைவ சித்தாந்தம் ஐந்து அவத்தைகள், அதாவது உயிரின் நிலைகள், சொல்கிறது. அதை முறையாகப் படித்த ஒருவரிடம் கேளுங்கள். நான் உடலோடு நிற்கிறேன்.

ஜார்ஜ்டவுன் மாணவர்: உணர்வு மூளையில் எந்த இடத்தில் இருக்கிறது?

ஒரே இடம் என்று காட்ட முடியாது தம்பி. மூளையின் 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில்தான் இருக்கின்றன. அது கெட்டால் நடை தள்ளாடும், பேச்சு குழறும், உணர்வு போகாது. மூளைத்தண்டின் மேல்பகுதியில் சிறு இடம் அடிபட்டாலோ ஆள் கோமாவில் விழுவார். எண்ணிக்கையில் இல்லை விஷயம்.

செலாயாங் வாசகர்: அருள் வந்து காவடி எடுப்பவருக்குச் சுயநினைவே இருக்காது. அதையும் மயக்கம் என்பீர்களா?

சொல்ல மாட்டேன். தண்ணீர்மலைச் சாலையில் தைப்பூசத்தன்று முதலுதவிக் கூடாரத்தில் நின்றிருக்கிறேன். அலகு குத்திய ஒருவர் கண் நிலைகுத்தி, உருமிக்கு ஆடியபடி வந்தார். சாலையெங்கும் உடைத்த தேங்காய்ச் சில்லுகள். ஒன்றையும் மிதிக்காமல் கால் வைத்தார். உணர்விழந்தவரால் அது முடியுமா? கவனம் ஒரே புள்ளியில் குவியும்போது, வலிச் செய்தியை முதுகுத்தண்டிலேயே மட்டுப்படுத்த மூளையால் முடியும்.

அவரே: என் தம்பிக்கு பத்துமலையில் 272 படி ஏறியதே ஞாபகமில்லையே!

ஞாபகமில்லை என்பது வேறு, உணர்வில்லை என்பது வேறு. குடலைக் குழாய்விட்டுப் பார்க்கும்போது மிடாசோலம் என்ற அமைதிப்படுத்தும் மருந்து கொடுப்போம். "இடப்பக்கம் திரும்புங்க" என்றால் திரும்புவார், "வலிக்குது" என்பார். வீட்டுக்குப் போன பிறகு ஒன்றும் நினைவிருக்காது. அந்த நேரத்தில் அவர் இல்லாமலா போனார்?

பட்டர்வொர்த் வாசகர்: பக்தியை ஊசி மருந்தோடு ஒப்பிடுவது சரியில்லை ஐயா.

மனம் புண்பட்டிருந்தால் மன்னியுங்கள். மறதியைத்தான் ஒப்பிட்டேன், பக்தியை அல்ல. உணர்வோடு ஏறியதால்தான் அது அவருடைய நேர்த்திக்கடன். உணர்வற்ற உடலை யாரோ தூக்கிப்போனால் அது வெறும் சுமை.

ஈப்போ வாசகர்: ஆன்மா...

மேலே சொல்லிவிட்டேன். இதே கேள்வி இன்னும் நான்கு வந்திருக்கிறது. அவர்களும் அங்கேயே பார்க்கவும்.

சிரம்பான் மாணவி: கணினிக்கு உணர்வு வருமா?

என் துறை இல்லை.

கெப்போங் வாசகி: பக்கவாதம் வந்த அப்பா கண் திறக்கிறார், ஆனால் எங்களைத் தெரியவில்லை. பேசிப் பயனுண்டா?

உண்டு அம்மா, பேசுங்கள். கண் திறப்பது விழிப்பு. உள்ளே அறிவது உணர்வு. ஒன்று இருந்து மற்றொன்று இல்லாமலும் போகலாம், வெளியே தெரியாமலும் இருக்கலாம். 2006-இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழுவினர், விபத்துக்குப் பின் எந்த அசைவிலும் பதில் தராத 23 வயதுப் பெண்ணிடம், டென்னிஸ் ஆடுவதாக நினைக்கச் சொல்லி மூளையைப் படமெடுத்தார்கள். நலமானவர்களுக்கு வேலை செய்யும் அதே பகுதி அவருக்கும் வேலை செய்தது. எல்லாருக்கும் இப்படி இருக்காது. பொய் நம்பிக்கை தர மாட்டேன். ஆனாலும் பதில் வராததை வைத்து ஆளே இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். கட்டிலருகே நின்று ஆஸ்பத்திரி பில்லையும் வீட்டுப் பங்கையும் பேசாதீர்கள். உங்கள் பெயரைச் சொல்லுங்கள், இன்று என்ன கிழமை என்று சொல்லுங்கள். அவர் காதுக் கருவி போடுபவர் என்றால், முதலில் அதை எடுத்து மாட்டிவிடுங்கள்.