மூன்று மாத இடைவெளி: ஏப்ரலா, செப்டம்பரா?

கேள்வி: எனக்கு 31 வயது. சென்னையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை. வரும் செப்டம்பர் முதல் வாரத்தில் ஐந்து வருடம் முடியும். மாதச் சம்பளம் 1.1 லட்சம், அதில் பேசிக் (அடிப்படைச் சம்பளம்) 50,000. ஏப்ரல் தொடக்கத்தில் வேலையை விட்டுவிட்டு ஒரு மாதம் லடாக், அப்புறம் இரண்டு மாதம் ஆரோவில்லில் மரம் நடும் தன்னார்வப் பணி என்று ஆசை. சரியாக வருமா?

பதில்: ஆசை சரி, மாதம்தான் சரியில்லை.

லடாக்குக்குப் போகும் மணாலி–லே சாலை ஏப்ரல் தொடக்கத்தில் பனியால் மூடியே இருக்கலாம். அப்போது விமானத்தை நம்பித் திட்டமிடுவதுதான் நல்லது. ஆரோவில் பக்கம் மரம் நடுவது வடகிழக்குப் பருவமழையை நம்பி. மே மாத வெயிலில் போனால் கன்றுக்குத் தண்ணீர் சுமப்பதுதான் மிஞ்சும். செப்டம்பர் நடுவில் கிளம்பினால் லடாக்கில் வானம் தெளிவாக இருக்கும், திரும்பி வரும்போது இங்கே மழை தொடங்கும் சமயமாக இருக்கும். லே 3,500 மீட்டர் உயரம். விமானத்தில் இறங்கினால் முதல் இரண்டு நாள் அறையிலேயே படுத்துக் கிடங்கள்.

இனி காசு. ஐந்து வருடம் முடிந்தால் கிராஜுவிட்டி, அதாவது வேலையை விடும்போது நிறுவனம் தரும் பணிக்கொடை, உண்டு. வருடத்துக்கு 15 நாள் சம்பளம், மாதத்துக்கு 26 வேலை நாள் என்று உங்கள் பேசிக்குக் கணக்கு: 50,000 × 15 ÷ 26 × 5, அதாவது குறைந்தது சுமார் 1,44,000 ரூபாய். ஏப்ரலில் விலகினால் அது போச்சு. நான்கு வருடம் 240 நாள் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டுதான். ஆனால் ஏப்ரல் தொடக்கத்தில் உங்களுக்கு அந்த 240 நாளும் நிறையாது.

செப்டம்பரிலும் ராஜினாமாவை முதலில் நீட்டாதீர்கள். சம்பளமில்லா விடுப்பு கேளுங்கள். ஜூனிலேயே மேலாளரிடம் பேசிவிட்டு, மூன்று விஷயங்களை மின்னஞ்சலில் வாங்குங்கள்: அதே பதவிக்கும் சம்பளத்துக்கும் திரும்பலாம், மருத்துவக் காப்பீடு தொடரும், இந்த விடுப்பு பணி முறிவாகக் கருதப்படாது. “பார்த்துக்கலாம்” என்று வாயால் சொன்னதை நம்பி ஏமாந்தவர்கள் என்னிடம் நிறைய வந்திருக்கிறார்கள். விடுப்புக் காலத்தில் நீங்கள் இன்னும் அந்த நிறுவனத்தின் ஊழியர்தான். வேறு இடத்தில் கூலி வேலை எடுத்தால் ஒப்பந்தம் இடிக்கும்.

வரியில் ஒரு லாபம் இருக்கிறது, இதைப் பலரும் கவனிப்பதில்லை. முழு வருடம் வேலை செய்தால் உங்கள் சம்பளம் 13.2 லட்சம். 2025-26 முதல் உள்ள புதிய வரிமுறைப்படி, நிலையான கழிவு 75,000 போக, வரி சுமார் 46,800. மூன்று மாதம் சம்பளம் இல்லையென்றால் 9.9 லட்சம்தான், வேறு வருமானம் இல்லாதவரை வரி பூஜ்யம். விடுப்பு உறுதியானதும் சம்பளப் பிரிவில் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அதுவரை சம்பளத்தில் முன்கூட்டியே பிடித்த வரியை (டிடிஎஸ்) திரும்பப் பெறக் கணக்குத் தாக்கல் வரை காத்திருக்க வேண்டும்.

விடுப்பை மறுத்துவிட்டால்? கிராஜுவிட்டி உறுதியான பிறகு, நோட்டீஸ் காலத்தையும் கணக்கில் வைத்து விலகலாம். ஆனால் அதற்கு முன்பே சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்துவிடுங்கள். புது பாலிசியில் முதல் 30 நாள் விபத்துக்கு மட்டும்தான் கிளெய்ம் கிடைக்கும். ஆகவே ஜூலைக்குள் எடுப்பது நல்லது. பிஎஃப் பணத்தைத் தொடாதீர்கள், அடுத்த வேலைக்கு மாற்றிக்கொள்ளலாம். வீட்டுக் கடனோ கிரெடிட் கார்டோ வாங்கும் எண்ணம் இருந்தால் அதையும் சம்பளச் சீட்டு கையில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள்.