“மாத்திரையில் விஷம் இருக்கிறது” என்கிறவரிடம் என்ன பேசுவது?

கேள்வி: மனநல வார்டில் நர்ஸாகச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஒரு நோயாளி, மாத்திரையில் விஷம் கலந்திருப்பதாகச் சொல்லி வாங்க மறுக்கிறார். நோயாளியை மையமாக வைத்துக் கவனிக்க வேண்டும் என்று படிக்கும்போது சொல்லித்தந்தார்கள். வார்டில் அதற்கெல்லாம் நேரம் எங்கே இருக்கிறது? அவர் சொல்வதற்குத் தலையாட்டினால் அந்த நம்பிக்கையை நானே வளர்த்துவிடுவது போல ஆகாதா?

பதில்: தலையாட்ட வேண்டாம். அதற்காக அடித்துப் பேசி மறுக்கவும் வேண்டாம். விஷம் இல்லை என்று நிரூபிக்க இறங்கினால், அந்த வாதத்தில் நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை. வாதாட வாதாட அவர் பிடிதான் இறுகும்.

மனிதரை மையமாக வைக்கும் அணுகுமுறைக்கு அடித்தளம் போட்டவர் அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ். எதிரில் இருப்பவரின் உணர்வை அவர் இடத்தில் நின்று புரிந்துகொள்வது, நிபந்தனை இல்லாமல் மதிப்பது, இந்த இரண்டோடு உண்மையாக இருப்பதையும் அவர் சேர்த்தே சொன்னார். பலரும் மறந்துவிடுவது இந்த மூன்றாவதைத்தான். நம்பாத ஒன்றை நம்புவது போல நடிப்பது இந்த முறையில் கிடையாது. ஆகவே இப்படிச் சொல்லலாம்: “உங்களுக்குப் பயமா இருக்குன்னு தெரியுது. எனக்குத் தெரிஞ்சு இதுல விஷம் இல்லை. ஆனா இதைச் சாப்பிட்டா உங்களுக்கு என்ன பண்ணுதுன்னு கொஞ்சம் சொல்லுங்க.”

அந்தக் கடைசி வாக்கியம்தான் முக்கியம். மனநல மருந்துகள் உடம்பை நிறையவே படுத்தும். பகலெல்லாம் தூக்கம், எடை ஏறுவது, வாய் உலர்வது, தாம்பத்திய ஆசை குறைவது என்று பல தொல்லைகள். சிலவற்றை, அதிலும் கடைசியாகச் சொன்னதை, நாமாகக் கேட்காமல் யாரும் வாய்திறந்து சொல்லமாட்டார்கள். அகதீசியா என்று ஒன்று இருக்கிறது. உள்ளுக்குள் ஒரு தாங்க முடியாத பரபரப்பு. ஒரு இடத்தில் உட்கார முடியாது. நின்றால் கால் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார். இதைப் பார்த்துவிட்டு ‘நோயாளி கிளர்ச்சியாக இருக்கிறார்’ என்று எழுதிவைத்தால், அடுத்து வரும் மருத்துவர் அதே மருந்தின் அளவைக் கூட்டக்கூடும். தொல்லையும் கூடும். அப்படி அவதிப்படுகிறவர் அதை ‘விஷம்’ என்று சொன்னால், அவர் சொல்லும் காரணம் தப்பாக இருக்கலாம், உடம்பில் படும் பாடு நிஜம். அதனால் அவர் கால்களைக் கவனியுங்கள். மருத்துவரிடம் சொன்னால் அளவைக் குறைக்கவோ, மருந்தை மாற்றவோ, பரபரப்பைத் தணிக்க வேறொன்று தரவோ வழி இருக்கிறது.

நேரத்துக்கு வருவோம். தனியாக நேரம் ஒதுக்கச் சொல்லவில்லை. மருந்து கொடுக்க எப்படியும் அவர் படுக்கைக்குப் போகத்தான் போகிறீர்கள். போனதும் உட்காருங்கள், நின்றுகொண்டு மேலிருந்து பேசாதீர்கள். பட்டையிலிருந்து மாத்திரையை அவர் கண்முன்னே பிரியுங்கள். பெயரையும் அளவையும் அவரே படிக்கட்டும். இப்போது வேண்டாம் என்றால், உங்கள் வார்டு விதி அனுமதிக்கிற நேரத்துக்குள், “அரை மணி கழிச்சு வரட்டுமா?” என்று கேளுங்கள். கேட்டால் சொன்ன நேரத்துக்குப் போயாக வேண்டும். போகாவிட்டால் கேட்காமலே இருந்திருக்கலாம்.

சாப்பாட்டில் கலந்து கொடுத்துவிடலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். விஷம் வைக்கிறார்கள் என்று நம்புகிறவர் அதைக் கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம் அவர் சாப்பாட்டையும் தொடமாட்டார். நெறிமுறைப்படியும் தப்பு, பல இடங்களில் சட்டச் சிக்கலும் உண்டு.

‘இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய்’ என்று சீனியர்கள் சொன்னால், மனநல வார்டுகளில் மோதலைக் குறைக்கும் வழிகளைச் சோதித்த சேஃப்வார்ட்ஸ் ஆய்வைப் பற்றிச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் 15 மருத்துவமனைகளின் 31 வார்டுகளில் நடந்தது, 2015-இல் வெளியானது. செய்தவை பெரிய விஷயங்கள் அல்ல. கெட்ட செய்தியைப் பக்குவமாகச் சொல்வது, மறுக்கும்போதும் தன்மையாகப் பேசுவது, ஊழியர்களும் நோயாளிகளும் தங்களைப் பற்றிச் சின்னச் சின்ன விவரங்களைப் பகிர்ந்துகொள்வது, வீட்டுக்குப் போகிறவர் புதிதாக வருகிறவருக்கு நாலு வரி எழுதிவைப்பது, இப்படிப் பத்து வழிகள். மோதல்கள் சுமார் 15 சதவீதம் குறைந்தன. பிடித்து வைப்பது, தனியறையில் அடைப்பது, கட்டாய மருந்து போன்றவை சுமார் 26 சதவீதம் குறைந்தன. ஒவ்வொரு மோதலும் எத்தனை ஊழியர்களின் எவ்வளவு நேரத்தை விழுங்கும் என்று சீனியர்களுக்கே தெரியும்.

குறிப்பேட்டில் ‘ஒத்துழைக்கவில்லை’ என்று எழுதாதீர்கள். ‘இரவு 8 மணி மாத்திரையை மறுத்தார், சாப்பிட்டால் காலில் நிலைகொள்ளாத தவிப்பு வருவதாகச் சொன்னார், 8.30-க்கு மீண்டும் கேட்டபோது வாங்கிக்கொண்டார்’ என்று எழுதுங்கள். அடுத்த ஷிஃப்டுக்கு வருகிறவருக்கு இந்த மூன்று வரி போதும், பேச்சை எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்துவிடும்.

சரி, எதற்கும் எல்லை உண்டு. யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ பிறரைத் தாக்கும் எண்ணமோ வெளிப்பட்டால் குழுவிடம் சொல்லியே ஆக வேண்டும்; அதை நோயாளியிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, அவர் மறுப்பது எந்த மருந்து என்று பாருங்கள். ஒரு வேளை தவறினால் பெரிதாகப் பாதிக்காத மருந்துகள் உண்டு. மனச்சிதைவு நோய்க்குக் கொடுக்கும் க்ளோசபின் அப்படி அல்ல. 48 மணி நேரத்துக்கு மேல் விட்டுப்போயிருந்தால், அவர் மனம் மாறிக் கேட்டாலும் பழைய அளவை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். குறைந்த அளவிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். பழைய அளவையே கொடுத்தால் இரத்த அழுத்தம் சட்டென்று விழலாம், வலிப்பும் வரலாம். அதனால் கடைசியாக எப்போது விழுங்கினார் என்பதை மணியோடு குறித்துவைத்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.